திருப்பதியின் அடிவாரத்துச் சாப்பாடு

2024ஆம் ஆண்டில் திருமலையில் சுமார் 2.55 கோடிப் பேர் தரிசனம் செய்தார்கள். அந்த ஆண்டு விற்ற லட்டுகளின் எண்ணிக்கை 12 கோடிக்கும் மேல். தலைக்கு ஏறக்குறைய ஐந்து லட்டு என்ற கணக்கில் ஊர் திரும்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு, எதிர்வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்தில் உதிர்த்துக் கொடுக்க ஒன்று என்று பங்கு போடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. இவ்வளவு பேர் போய்வரும் ஊரில், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. திருப்பதிக்குப் பத்து முறை போனவருக்குக்கூட மலைமேல் கிடைக்கும் லட்டும் வடையும் தெரியும். மலைக்குக் கீழே சித்தூர் வரை விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தின் சோறும் சாறும் தெரியாது. இதைச் சிறிய குறை என்று தள்ளிவிடக் கூடாது என்பதே என் வாதம். யாத்திரை போகிறவர்களுக்கு இது இழப்பு; அந்த மண்ணில் விளைவிக்கிறவர்களுக்கும் சமைக்கிறவர்களுக்கும் அதைவிடப் பெரிய இழப்பு. பயணிகள் கொஞ்சம் மனம் வைத்தால், நிர்வாகங்கள் கொஞ்சம் இடம் கொடுத்தால், இது மாறும்.

திருப்பதியில் ரயிலோ பேருந்தோ விட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் படும் உணவகங்களின் பட்டியலைப் பாருங்கள். இட்லி, பொங்கல், பூரி, மசால் தோசை, சாம்பாருடன் சாப்பாடு, வடநாட்டவருக்காகச் சப்பாத்தியும் பனீரும். காஞ்சிபுரத்திலும் வேலூரிலும் இதே பட்டியல்தான். இதற்காக உணவக உரிமையாளர்களைக் குறை சொல்ல முடியாது. அதிகாலையில் இறங்கி, அவசரமாகக் குளித்து, வரிசைக்கு ஓடும் குடும்பம் பழகிய உணவைத்தான் கேட்கும்; நாலு மாநிலத்துக்காரர்களும் மறுக்காமல் சாப்பிடுவது எதுவோ அதைத்தான் கடைக்காரர் சமைப்பார். ஆனால் விளைவு விசித்திரமானது. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் ராயலசீமை என்ற பெயரைப் பலகையில் எழுதிவைத்து, ராகிச் சங்கடியையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் நல்ல விலைக்கு விற்கும் உணவகங்கள் நிரம்பி வழிகின்றன. அதே ராயலசீமையின் தெற்கு வாசலான திருப்பதிக்கு வருகிறவர் அதைப் பார்க்காமலேயே போகிறார். உள்ளூர் மக்கள் சாப்பிடும் சிறிய கடைகள் சந்துகளிலும் புறவழிச் சாலையோரங்களிலும் ஒதுங்கிக் கிடக்கின்றன.

அங்கே என்னதான் இருக்கிறது? முதலில் சங்கடி. அரிசியைக் குழைய வேகவிட்டு, அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, மூடிவைத்துச் சிறு தீயில் புழுங்கவிட வேண்டும். பிறகு துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடிக்க வேண்டும். கிண்டுவதில்தான் சமையல்காரரின் கைப்பக்குவம் தெரியும். ஒரு கட்டி மாவு வேகாமல் நின்றுவிட்டால் உருண்டை முழுக்கக் கெட்டது. சூடான உருண்டையின் நடுவே குழி செய்து நெய்யோ குழம்போ ஊற்றி, விள்ளலை மெல்லாமல் விழுங்க வேண்டும். கூடவே ஊரிபிண்டி என்னும் கெட்டியான வேர்க்கடலைத் துவையல்: வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, கல்லுப்பு. அம்மியில் அரைத்ததற்கும் மின்னரைவைக்கும் உள்ள வேறுபாடு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். இறைச்சி உண்பவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு அல்லது ஆட்டுக்கறி. உண்ணாதவர்களுக்குப் புளிச்சக்கீரை, கத்தரிக்காய், பருப்பு, கொள்ளு ரசம் என்று துணைக்கு ஏதாவது உண்டு. காலையில் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புக் காரத்தைத் தடவி, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவிய தோசை. ராயலசீமையின் வடமேற்குப் பக்கம் போகப்போக, பொரியை நனைத்துப் பிழிந்து தாளித்த உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் காலை உணவாகிவிடும். வெயில் நாட்களில் தள்ளுவண்டிகளில் மோர் கலந்த ராகி அம்பலி. நம் ஊர்க் கூழுக்கு நெருங்கிய உறவு. இவை எதுவும் விருந்துக்காகக் கண்டுபிடித்த பதார்த்தங்கள் அல்ல. மழை பொய்க்கும் செம்மண்ணில், ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் என்ன தாக்குப்பிடிக்குமோ அதைக் கொண்டு ஒரு சமூகம் உருவாக்கிய சாப்பாடு. ஜூன், ஜூலை மழையை நம்பி மானாவாரியாக விதைக்கும் வேர்க்கடலை, குறைந்த ஈரத்திலும் தலையெடுக்கும் கேழ்வரகு, மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவான கொள்ளு, கரட்டில் மேயும் ஆடு. இந்தத் தட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மேட்டுநிலத்தின் வானிலையும் மண்ணும் தெரிந்துவிடும்.

லட்டுக்கு வருவோம். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தின் பெருமையைக் குறைக்க எனக்குத் துளியும் விருப்பம் இல்லை. ஆனால் அதன் உட்பொருட்களைக் கவனியுங்கள்: கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், கல்கண்டு. நாள்தோறும் லட்சக்கணக்கில் பிடிப்பதற்கு இவற்றை ஒப்பந்தப்புள்ளி வழியாகப் பல மாநிலங்களிலிருந்து வாங்கியாக வேண்டும். கர்நாடகத்தின் நந்தினி நெய் அதில் பிரபலம். 2024 செப்டம்பரில் நெய்யின் தூய்மை பற்றிக் கிளம்பிய சர்ச்சை நாட்டையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தனி விசாரணைக் குழுவை அமைக்கும் அளவுக்குப் போனது. பக்தர்களின் கவலை நியாயமானது. அதோடு இன்னொன்றும் அப்போது தெரிந்தது. உலகமே திருப்பதியின் சுவை என்று கொண்டாடும் பண்டத்தில் திருப்பதி மண்ணின் பங்கு மிகக் குறைவு. சமைக்கும் கைகளும் சன்னிதியும்தான் அதைத் திருப்பதி லட்டு ஆக்குகின்றன. பிரசாதத்துக்கு அது போதும். ஓர் ஊரைத் தெரிந்துகொள்வதற்கு அது போதாது.

கோயில் உணவுக்கும் சுற்றியுள்ள வயல்களுக்கும் இடையே ஒரு காலத்தில் இவ்வளவு தூரம் இருந்ததில்லை என்பதற்குக் கோயில் சுவர்களே சாட்சி. திருமலைக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. அவற்றில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியவை. இன்னாருடைய பெயரில் இத்தனை திருப்போனகம் என்னும் படையல், அதற்கு இத்தனை அரிசி, பயறு, நெய், தயிர், வெல்லம், மிளகு என்று அளவு பிசகாமல் வெட்டிவைத்திருக்கிறார்கள். படைத்த உணவில் நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அந்தப் பங்கு கைமாறி, யாத்ரீகர்களுக்கு விலைக்குப் போகும் ஏற்பாடும் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் காலத்தில் அமைந்த ராமானுஜகூடங்கள் வருகிறவர்களுக்குச் சோறு போட்டன. கட்டளைக்காகக் கொடுத்த பணத்தைக் கோயில் என்ன செய்தது என்பதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன், அது கோயில் கிராமங்களின் ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் போனதையும், அதனால் பெருகிய விளைச்சல் மீண்டும் படையலுக்கு வந்ததையும் 1960இலேயே எழுதிவிட்டார். பக்தர் கொடுத்த காசு, அடிவாரத்து ஏரியில் தண்ணீராக நின்று, நெல்லாக விளைந்து, மலையேறிப் பிரசாதமாகி, மறுபடி பக்தரின் கைக்கு வந்தது. அந்தச் சுற்றில் கேழ்வரகுக்கு இடமில்லை என்பது உண்மைதான்; அது நஞ்சை நிலத்துக் கணக்கு. காரத்துக்கும் மிளகுதான், மிளகாயும் வேர்க்கடலையும் இந்த மண்ணுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவை. ஆனால் பக்தரின் பசி, சுற்றியுள்ள கிராமங்களின் வேளாண்மையைத் தாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இந்தத் தலத்துக்குப் புதிதல்ல. இன்றைக்கு அந்தக் கிராமங்களில் விளைவது புன்செய்ப் பயிர் என்றால், பக்தரின் காசு அதற்கும் போய்ச் சேரட்டும்.

குடிக்கும் பொருளில் இந்த மண்ணின் அடையாளம் நன்னாரி. கோடையில் திருப்பதித் தெருக்களில் எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றித் தரும் நன்னாரி சர்பத்தைப் பலர் குடித்திருப்பார்கள். அதில் பல நேரம் இருப்பது நாம் மாகாளிக்கிழங்கு என்று அழைக்கும் வேரின் சாறு. தமிழ்நாட்டு வைணவ வீடுகளில் மோரில் ஊறும் மாகாளி ஊறுகாயும் திருப்பதிச் சந்தியில் விற்கும் சர்பத்தும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று இரண்டையும் ருசித்தவர்களே யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சேஷாசலம் மலைத்தொடரிலும் சித்தூர்க் காடுகளிலும் பாறை இடுக்குகளில் வளரும் கொடி அது. யானாதிப் பழங்குடியினர் முதலானோர் காட்டுக்குள் போய்த் தோண்டி எடுத்துவருகிறார்கள். வேரையே வெட்டியெடுப்பதால் கொடி செத்துப்போகிறது. அழியும் நிலையில் உள்ள தாவரங்களின் உலகப் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டது. எனவே, உள்ளூர் உணவைத் தேடிப் போங்கள் என்று சொல்லும் எவரும் இந்த ஒரு பொருளில் நின்று யோசிக்க வேண்டும். கேழ்வரகையோ வேர்க்கடலையையோ எவ்வளவு கேட்டாலும் விவசாயி மறுபடி விதைப்பார். மாகாளிக்கு அந்த வசதி இல்லை. தோட்டப் பயிராக அதை வளர்ப்பதற்கும், தோண்டுகிறவர்களுக்கு அதில் பங்கு கிடைப்பதற்கும் வனத்துறை முன்வராமல் சர்பத்துக்கு விளம்பரம் தேடுவது தவறு. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த சேஷாசலத்தில் இதைச் செய்யாமல் வேறு எங்கே செய்வது?

மாம்பழத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சித்தூரின் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்வது, பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. ரயிலில் வாங்கும் மாம்பழ பானத்தின் குப்பிக்குள் அது பெயரில்லாமல் இருக்கிறது. 2025 ஜூனில் விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்ற நிலை வந்தது. பயணிகள் நறுக்கித் தின்னும் பழத்தால் தீர்கிற நெருக்கடி இல்லை அது. ஆலைகளோடும் அரசோடும் விவசாயிகள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, யாத்திரை என்பது நாக்கைத் தேடிப் போகும் பயணம் அல்ல என்பது. விரதமிருந்து, மொட்டை போட்டு, பெருமாளைப் பார்க்கப் போகிறவரிடம் நாட்டுக்கோழியைப் பற்றிப் பேசலாமா? புரட்டாசியில் தமிழ்நாட்டுக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அந்த மாதம் முழுக்க நம் வீடுகளில் அசைவம் கிடையாது. காளஹஸ்தியில் ராகு கேது பரிகாரம் முடித்தவர்கள் வேறெங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. இவற்றை நான் மதிக்கிறேன். யாருடைய விரதத்தையும் யாரும் கலைக்க வேண்டாம். ஆனால் மேலே சொன்ன உணவில் பெரும்பகுதி கறி மீன் இல்லாதது. சங்கடியும் ஊரிபிண்டியும் கீரையும் அம்பலியும் எந்தச் சைவ விரதத்துக்கும் குறுக்கே நிற்பவை அல்ல. பூண்டு வேண்டாதவருக்குப் பூண்டில்லாமல் துவையல் அரைக்கலாம். மீனாட்சியைத் தரிசிக்க மதுரைக்குப் போகிறவர் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருகிறார். அவருடைய பக்தியை எவரும் சந்தேகிப்பதில்லை. அமிர்தசரஸில் பொற்கோயிலின் லங்கரில் உட்கார்ந்து சாப்பிட்டவர், மறுவேளை கடைத்தெருவில் குல்ச்சா சாப்பிடுகிறார். திருமலையிலேயே பார்த்தால், 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டம், இன்று தரிகொண்ட வெங்கமாம்பா பெயரிலான கூடத்தில் ஆயிரக்கணக்கானோரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறது. அந்தப் பெயருக்குரிய கவிஞர், பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்ட கிராமத்தில் பிறந்தவர். பெருமாளுக்கு அடுத்தபடி சோற்றுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த தலம் வேறு எது? அந்தத் தலத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது பக்திக்குக் குறைவு என்றால் கல்வெட்டுகளில் பாதியை அழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிக்காரர்களிடமிருந்து வரும். களியும் கடலைத் துவையலும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே, அதற்காகத் திருப்பதியில் தேட வேண்டுமா என்பார்கள். கேள்வி சரிதான். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன்பு, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1960இல் திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் மாறின. எல்லைக் கோடு கோப்புகளில் நகர்ந்ததே தவிர அடுப்புகளில் நகரவில்லை. நகரியிலும் புத்தூரிலும் இரண்டு மொழியும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. நொய்யரிசி போட்டுக் கிண்டும் வட ஆர்க்காட்டுக் களியும் அங்கே கிண்டும் சங்கடியும் அக்காள் தங்கை. ஆனால் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வளர்ந்த தலைமுறை இந்த உணவை வீட்டில் பார்த்ததில்லை; அவர்களுக்கு இது புதிது. இது தெரிந்த வேலூர்க்காரருக்கோ, எல்லைக்கு அப்பால் காரம் எப்படி ஏறுகிறது, புளி எப்படி மாறுகிறது, கீரை எங்கே புகுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு. நம்முடையதுதான் என்று உரிமை கொண்டாடுகிற நிலத்தில் என்ன விளைகிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

சுத்தம் இருக்குமா, நேரம் இருக்குமா என்ற கேள்விகளும் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கிண்டி அப்போதே தட்டில் விழும் சங்கடி, காலையில் செய்து மாலை வரை காத்திருக்கும் எந்தப் பண்டத்தையும்விடப் பாதுகாப்பானது. தண்ணீர், கழுவுமிடம், குப்பை ஆகியவற்றுக்கு மாநகராட்சிதான் பொறுப்பு. ஆமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரைக் கடைகளை 2018இல் நாட்டின் முதல் சுத்தமான தெருவுணவு வளாகமாக உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அங்கே முடிந்தது திருப்பதியிலும் முடியும். நேரத்தைப் பொறுத்தவரை, தரிசன நேரச் சீட்டு வைத்திருப்பவர் கீழே காத்திருக்கும் மணிக்கணக்கில் ஒரு வேளைச் சாப்பாடு அடங்கிவிடும்.

இதையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைக்கும் மறுப்பு ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடத் தொடங்கினால், ஏழையின் சாப்பாடு பணக்காரரின் பொழுதுபோக்காகிவிடும் என்பது. கேழ்வரகுக்கு அது நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு அரிசி வாங்க வழியில்லாதவர் சாப்பிட்டது, 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பிறகு அழகான உறைகளில் ஏறிவிட்டது. விலை உயர்வின் பலன் விதைத்தவருக்குப் போகாமல், உறை தைத்தவருக்குப் போகும் ஆபத்து நிஜமானது. இதற்கு விடை, யார் விற்கிறார் என்பதில் இருக்கிறது. குளிரூட்டிய விடுதிகள் சங்கடியைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. அந்தக் கிராமங்களின் பெண்கள், ட்வாக்ரா என்று ஆந்திரத்தில் எல்லோரும் சொல்லும் மகளிர் குழுக்கள், தாங்களே சமைத்து, தாங்களே விலை வைத்து விற்க நகரத்தின் நடுவில் இடம் கிடைத்தால் மாறும். மூலப்பொருளை உள்ளூர் விவசாயிகளிடமிருந்து நேராக வாங்கும் வழியும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. இயற்கை விவசாய விளைபொருட்களைப் பிரசாதத்துக்காக வாங்க ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அமைப்புடன், திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் உடன்பாடு செய்துகொண்டது. அதே வழியில் கேழ்வரகும் வேர்க்கடலையும் கொஞ்சம் வரட்டும்.

மலைமேல் நைவேத்தியத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. அது ஆகம வழக்கு, அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அன்னதானக் கூடத்தின் பட்டியல் மாறாதது அல்ல. 2025 மார்ச்சில்தான் அதில் மசால் வடை சேர்ந்தது. வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை, வெங்காயம் பூண்டு இல்லாத சங்கடியும் கடலைத் துவையலும் கோடைக்கு ராகி அம்பலியும் சேர்ப்பது தேவஸ்தானத்துக்கு இயலாத காரியம் அல்ல. ஒரு நிலையம் ஒரு பொருள் திட்டத்தில் திருப்பதி ரயில் நிலையம் காளஹஸ்திக் கலம்காரித் துணிக்கு இடம் கொடுத்தது. அதன் பக்கத்தில் வேர்க்கடலைக்கும் சித்தூர் வெல்லத்துக்கும் ஓர் அலமாரி போடலாம். அலிபிரியில் நடைபாதை தொடங்கும் இடமும், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீனிவாசம் விடுதி இருக்கும் பகுதியும் பெரும்பாலான பயணிகள் கடந்துபோகும் இடங்கள். அங்கே பத்துக் கடைக்கு இடம், குழாய்த் தண்ணீர், குறைந்த வாடகை, தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் விலைப்பலகை இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அடுத்த முறை திருப்பதியில் இறங்கியதும் தங்கும் விடுதியின் காவலாளியிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ, நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், புரியும். அவர் காட்டும் கடையில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பிடித்திருந்தால் சமைத்தவரிடம் சொல்லுங்கள். கால் கிலோ வேர்க்கடலையோ ஓர் உருண்டை வெல்லமோ லட்டுப் பையில் சேர்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக் கூட்டம் வருவதற்குள் அந்தப் பத்துக் கடைகளைத் திறப்பது திருப்பதி மாநகராட்சியின் கையில் இருக்கிறது.